கடல் வழிப் போனவர்கள் – 11: எட்டாவது தீவும் எங்கள் படகும்

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. பாய்மரப் படகு. மேல்தட்டு முழுக்க ஆட்கள், கால் வைக்க இடமில்லாத நெரிசல். கன்னம் ஒட்டிப்போன முகங்கள் நம்மையே பார்க்கின்றன. கானரித் தீவுகளில் இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. படகின் பெயர் லா எல்விரா. லாஸ் பால்மாஸிலிருந்து புறப்பட்டு, ஐந்து வாரத்துக்கு மேல் அட்லாண்டிக்கில் கிடந்து, 1949 மே மாதக் கடைசியில் வெனிசுவேலாவின் காரூப்பனோ கரையை அடைந்தது. படகின் நீளம் 19 மீட்டர். உள்ளே இருந்தவர்கள் 106 பேர். அதில் பத்துப் பெண்கள், நாலு வயதுச் சிறுமி ஒருத்தி. ஒருவரிடமும் உரிய அனுமதி இல்லை. கள்ளத்தனமாக வந்து இறங்கியவர்கள் என்றுதான் அந்த ஊர்ப் பத்திரிகை அவர்களைப் பற்றி எழுதியது.

அவர்கள் ஐரோப்பியர்கள். ஸ்பெயின் நாட்டுக் குடிமக்கள்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த பயணங்களில் ஆட்கள் ஒரு கரையிலிருந்து கிளம்பி இன்னொரு கரைக்குப் போனார்கள். இந்த வாரம் நடுவில் இருக்கும் ஒரு கரையைப் பார்ப்போம். எழுபது ஆண்டுக்கு முன் தன் பிள்ளைகளை இரவோடு இரவாகப் படகேற்றி அனுப்பிய அதே கரையில், இன்று வேறு ஊர்ப் பிள்ளைகள் வந்து விழுகிறார்கள்.

முதலில் அவர்கள் ஏன் போனார்கள் என்பது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்தது. ஃபிராங்கோ வென்றார். தோற்ற தரப்பில் நின்றவர்களுக்குச் சிறை, வேலை நீக்கம், ஊர் விலக்கு. தோற்காதவர்களுக்கும் பசி. ரேஷன் அட்டை 1952 வரை இருந்தது. கானரித் தீவுகளில் 1941 முதல் 1946 வரை பொருளாதாரமே ராணுவத் தளபதியின் கையில். எண்ணெய், சர்க்கரை, துணி எல்லாம் அவர் சொன்ன அளவில்தான் கிடைக்கும். தீவு மக்களின் அன்றாட உணவு கோஃபியோ. தானியத்தை வறுத்துத் திரித்த மாவு. நம் வீடுகளில் வறுமாவு கரைத்துக் குடிப்பதுபோல அதைப் பாலிலோ குழம்பிலோ கலந்து பசியாறுவார்கள். அந்த மாவுக்கே திண்டாட்டம். வாழை, தக்காளித் தோட்டங்களில் கூலி வேலை. மழை பொய்த்தால் அதுவும் இல்லை.

கடலுக்கு அப்பால் வெனிசுவேலாவில் எண்ணெய் பொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஊரைவிட்டு வெளியேற அரசின் அனுமதி வேண்டும். அதற்கு நன்னடத்தைச் சான்று வேண்டும். அண்ணன் சிறையில் இருக்கிறான், அப்பா தொழிற்சங்கத்தில் இருந்தார் என்றால் அந்தச் சான்று கிடைக்காது. வாசல் வழி அடைத்துவிட்டது. கொல்லைப்புறத்தில் கடல் இருந்தது. ஆட்டை விற்றார்கள், காணித் துண்டை விற்றார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்தார்கள். போலீஸ் கண்ணில் படாத குடா ஒன்றில், நிலவில்லாத இரவில், தோணியில் போய் ஏறினார்கள். ‘பேய்க் கப்பல்கள்’ என்று பின்னாளில் இவற்றுக்குப் பெயர் வந்தது.

1950 ஆகஸ்டில் லா கோமேரா தீவின் வாலே கிரான் ரேய் என்ற சிற்றூரிலிருந்து தெலெமாக்கோ என்ற படகு கிளம்பியது. 171 பேர். அதில் ஒரே ஒரு பெண். நடுக்கடலில் புயல் வந்து உணவையும் குடிநீரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. வழியில் எதிர்ப்பட்ட ஸ்பானிய எண்ணெய்க் கப்பல் ஒன்று கொடுத்த தண்ணீரிலும் ரொட்டியிலும்தான் உயிர் தங்கியது. மார்டினிக் தீவில் ஒதுங்கி, பிறகு செப்டம்பரில் லா குவைரா துறைமுகத்தைத் தொட்டார்கள்.

இறங்கியவர்களை வெனிசுவேலா அரசு மாலை போட்டு வரவேற்கவில்லை. கரையிலிருந்து தள்ளியிருக்கும் லா ஒர்ச்சிலா போன்ற தீவுகளில் கொண்டுபோய் அடைத்தது. பிறகு கை வேலைக்கு ஆள் தேவைப்பட்டது, விட்டுவிட்டார்கள். வயலுக்கும் கடைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் தீவுகளில் கூரைகள் எழுந்தன, பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது. வெனிசுவேலாவை இன்றும் கானரி மக்கள் ‘எட்டாவது தீவு’ என்கிறார்கள்.

அந்தப் படகுகள் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் துணிச்சல் மட்டும் இல்லை. கடலே அந்தப் பக்கமாக ஓடுகிறது. கானரி நீரோட்டம் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, பின் மேற்கே திரும்பி, அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் வரை போகும். மேலே வீசும் வணிகக் காற்றும் அதே திசை. 1492 செப்டம்பர் 6ஆம் தேதி கொலம்பஸ் லா கோமேராவிலிருந்து பாய் விரித்ததும் இந்தக் காற்றை நம்பித்தான். பாயும் சுக்கானும் உடையாமல் இருந்தால் படகு என்றாவது ஒருநாள் அமெரிக்கக் கரையில் ஒதுங்கும். இந்த நீரோட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவதற்குள் அது இன்னொரு முறை வரும்.

இனி தெற்கே, செனகலுக்கு.

செனகலின் வோலோஃப் மொழியில் ‘கால்’ என்றால் படகு. ‘சுனு கால்’ என்றால் ‘எங்கள் படகு’. அதிலிருந்துதான் நாட்டுக்கே செனகல் என்று பெயர் வந்தது என்று ஒரு வழக்கு உண்டு. சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்களோ இல்லையோ, அந்த நாட்டுக்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை அது. படகு அங்கே வெறும் தொழில் கருவி இல்லை. அடியில் ஒரே மரத்தைக் குடைந்த அடிமரம்; அதன் மேல் பலகை பலகையாக வைத்து உயர்த்தி, இடுக்குகளை அடைத்துக் கட்டுவார்கள். பெரிய படகு இருபது மீட்டரைத் தாண்டும். பக்கவாட்டில் மஞ்சள், பச்சை, சிவப்பு. முகப்பில் சூஃபி மகான்களின் பெயர், தாயின் பெயர், சிலவற்றில் கால்பந்து அணியின் கொடி. வாங்கியவன் பேரன் வரை ஓட்டுவான்.

காயார், ம்பூர், தியாரோய், சேன் லூயியின் கெத் ந்தார் குப்பம். இந்த ஊர்களின் கரையில் மாலை நேரம் படகு வந்து ஒதுங்கும்போது ஆண்கள் தலையில் பெட்டி சுமந்து அலைக்குள் ஓடுவார்கள். பெண்கள் கரையில் காத்திருந்து விலை பேசுவார்கள். உப்பிடுவதும் கருவாடு போடுவதும் அவர்கள் கையில். குதிரை வண்டிகள் மீனை ஏற்றிக்கொண்டு போகும். நாட்டின் உணவே சோறும் மீனும்தான். ‘செபு ஜென்’ என்பார்கள். மீன் குழம்பிலேயே அரிசியை வேகவைத்து, ஒரே தாம்பாளத்தில் வைத்து, வீடே சுற்றி உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு உகந்த மீன் ‘தியோஃப்’. நம் களவா இனம். இன்று கரையோரக் குடும்பங்களுக்கே தியோஃப் கைக்கு எட்டாது. ஐரோப்பாவுக்கு விமானத்தில் போகிறது. மத்தி இனத்தைச் சேர்ந்த ‘யாபோய்’ ஏழைகளின் மீனாக இருந்தது. அதுவும் மீன்மாவு ஆலைகளுக்குப் போக ஆரம்பித்தது. நாலைந்து கிலோ பச்சை மீனைக் காய்ச்சி அரைத்தால் ஒரு கிலோ மாவு. அது எங்கோ வெளிநாட்டுப் பண்ணையில் வளரும் மீனுக்கு இரை.

இது எப்படி நேர்ந்தது என்பதை ஒரே காரணத்தில் அடக்கிவிட முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த நாட்டை நிலக்கடலைக் காடாக்கிவிட்டுப் போனார்கள். 1968 தொடங்கி ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்தது. கடலை காய்ந்தது, மண் சத்திழந்தது, உழவர்கள் கடற்கரைக்கு வந்து வலை பிடித்தார்கள். படகுகளில் மோட்டார் ஏறியது. அரசு மானியம் கொடுத்தது. மீனவர் தொகை பெருகியது. இந்தப் பக்கம் இப்படி என்றால், 1979இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு செனகல் மீன்பிடி ஒப்பந்தம் போட்டது. ஸ்பெயின், பிரான்ஸ் இழுவைக் கப்பல்கள் வந்தன. ரஷ்யக் கப்பல்கள், சீனக் கப்பல்கள், செனகல் கொடியையே ஏற்றிக்கொண்டு ஓடும் கூட்டு நிறுவனக் கப்பல்கள் என்று வரிசை நீண்டது. அரசுக்கு உரிமத் தொகை வந்தது. கெத் ந்தார் மீனவனுக்கு வந்தது, இரவில் அவன் வலையைக் கிழித்துப்போட்ட கப்பலின் விளக்கு வெளிச்சம் மட்டும்தான். 1994 ஜனவரியில் செனகலின் நாணயமான சிஃபா பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியாக வெட்டப்பட்டது. மோட்டார், எரிபொருள், நைலான் வலை எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. முன்பு ஒரு நாளில் பிடித்த மீனுக்கு இப்போது மூன்று நாள் ஆழ்கடலில் அலைய வேண்டும். அலைவதற்கான எண்ணெய்க்கும் இரட்டிப்பு விலை.

முன்காலத்தில் பிழைக்க வழி தேடுபவன் பிரான்ஸுக்குப் போய்விடுவான். செனகல் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து ஆலை வேலைக்கும் தெருக் கூட்டும் வேலைக்கும் பாரிஸ் போனவர்கள் ஏராளம். டிக்கெட் வாங்கினால் போதும். 1986இல் பிரான்ஸ் விசா கட்டாயமாக்கியது. சில ஆண்டுகளில் ஸ்பெயினும் கதவைச் சாத்தியது. அதன் பிறகு டாக்காரில் ஓர் இளைஞன் தூதரகத்துக்குப் போனால் வங்கிக் கணக்கு கேட்பார்கள், சம்பளச் சீட்டு கேட்பார்கள், திரும்பி வருவாய் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். மீனவனிடம் எந்தச் சம்பளச் சீட்டு இருக்கும்? கட்டிய கட்டணமும் திரும்ப வராது. படகுக்காரனிடம் கொடுப்பதற்கு முன் தூதரகத்தில் கொடுத்துப் பார்த்தவர்கள் நிறையப் பேர். படகை முதல் வழியாக நினைத்து யாரும் ஏறவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

1994 ஆகஸ்ட் 28ஆம் தேதி மேற்கு சஹாராவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் சிறு படகில் ஃபுவெர்ட்டெவென்துரா தீவில் வந்து இறங்கினார்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இப்படி ஆட்களோடு கானரிக்கு வந்ததாகப் பதிவான முதல் படகு அதுதான். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2005 இலையுதிர் காலத்தில் வடக்கே, மொராக்கோவை ஒட்டிய ஸ்பானிய நகரங்களான சியூத்தா, மெலில்லாவின் கம்பி வேலிகளில் நூற்றுக்கணக்கானோர் ஏறினார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வேலி உயர்ந்தது. ஆட்கள் தெற்கே நகர்ந்து மொரிட்டேனியாவின் நுவாதிபு துறைமுகத்துக்கு வந்தார்கள். அங்கும் காவல் வந்தபோது இன்னும் தெற்கே, செனகல் கரைக்கே வழி இறங்கியது. வேலிகள் ஆட்களை நிறுத்தவில்லை, பாதையை நீட்டின. டாக்காரிலிருந்து கானரி 1,500 கிலோமீட்டர். அதுவும் நீரோட்டத்துக்கும் காற்றுக்கும் எதிர்முகமாக.

2006 அந்த வழியின் ஆண்டு. 31,678 பேர் கானரித் தீவுகளில் வந்து இறங்கினார்கள். செனகல் இளைஞர்கள் வாயில் ஒரு தொடர் புழங்கியது: ‘பார்சா வல்லா பர்ஸக்’. பார்சிலோனா, இல்லாவிட்டால் பர்ஸக். மரணத்துக்கும் மறுமைக்கும் இடையில் ஆன்மா தங்கும் இடம் பர்ஸக். நம் ஊர் முஸ்லிம்களும் அறிந்த சொல். இந்தத் தொடரை வெறும் வீரவசனமாகப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. சாவும் ஒரு முடிவுதான் என்று எண்ணிப் பார்த்துச் சொன்ன சொல் அது. இன்னொரு சொல்லும் உண்டு. படகேறுவதை ‘ம்பெக் மி’ என்றார்கள். ஆடு மாடு தலையால் முட்டுவதைக் குறிக்கும் சொல். சுவர் இருப்பது தெரிந்து முட்டுவது.

கடலின் ஆபத்தை அறியாதவர்கள், ஏஜென்ட் பேச்சில் ஏமாந்தவர்கள் என்று இவர்களைப் பற்றிச் சொல்வது வழக்கம். அரசாங்கங்கள் இதை நம்பி விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டின. கெத் ந்தாரில் பிறந்தவனுக்குக் கடல் என்ன செய்யும் என்று சுவரொட்டியா சொல்ல வேண்டும்? அவன் தாத்தாவைத் தின்ற கடல் அது. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் புதிது என்பது உண்மை. அவர்கள் மீனவனின் கையை நம்பி ஏறினார்கள். ஆனால் வழியைத் திறந்தவர்கள் மீனவர்கள். மீன் போனது, வலை போனது, விசா இல்லை. மிஞ்சிய சொத்து படகு ஒன்றுதான். அந்தப் படகில் மீனை ஏற்றினால் நஷ்டம், ஆளை ஏற்றினால் பிழைப்பு என்று ஆனபோது ஒரு குப்பத்தின் கணக்கே மாறிவிட்டது.

கணக்கு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஓர் இருக்கைக்குச் சுமார் நான்கைந்து லட்சம் சிஃபா பிராங்க். ஐரோப்பியப் பணத்தில் அறுநூறு, எழுநூறு யூரோ. அது ஒருவன் பணமாக இருப்பதில்லை. தாய் சீட்டுப் பிடித்த பணம், அக்காளின் காது நகை, மாமன் விற்ற மாடு. மூத்தவன் போனால் இளையவன் படிப்பான், வீட்டுக்குத் தளம் போடலாம். பக்கத்து வீட்டில் ஸ்பெயினிலிருந்து வரும் பணத்தில் ஓடு போட்டிருப்பதைத் தினம் பார்த்துக்கொண்டுதான் இவர்கள் சாப்பிட உட்காருகிறார்கள். முப்பது வயதாகியும் தம்பியின் கையை எதிர்பார்க்கும் ஆண்மகனுக்கு அந்த ஊரில் தலை நிமிராது. கல்யாணமும் நடக்காது. படகை ஓட்டுபவனுக்குக் கட்டணம் கிடையாது. சிலருக்குத் தம்பியை உடன் ஏற்றிக்கொள்ளும் சலுகை. கரையேறியதும் ஸ்பானிய நீதிமன்றம் அவனை ஆள்கடத்தல்காரன் என்று சிறைக்கு அனுப்பும். அனுப்பிய முதலாளி டாக்காரிலேயே இருப்பார்.

படகுக்குள் என்ன நடக்கிறது என்று உயிர் மீண்டவர்கள் சொன்னது ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. நூறு பேர், முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் கால்களுக்கிடையில் இன்னொருவன். நடுவில் எரிபொருள் கேன்கள், அரிசி மூட்டை, தண்ணீர், ஒரு அடுப்பு. காற்று இறங்கும் நேரம் பார்த்துச் சோறு வடிப்பார்கள். இரண்டாம் நாளே கேன் கசிந்து பெட்ரோல் அடித்தட்டில் கடல்நீரோடு கலக்கும். அந்தக் கலவையில் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களின் தொடையும் பிட்டமும் தீப்பட்டதுபோல் வெந்துபோகும். நனைந்த துணி காய்வதே இல்லை. ஆறாம் ஏழாம் நாள் தண்ணீர் தீரும்போது சிலருக்குப் புத்தி பேதலிக்கும். கரை தெரிகிறது என்று சொல்லிக் கடலில் இறங்கி நடக்கப் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களைக் கயிற்றால் கட்டி வைத்ததும் உண்டு. துறையில் இறக்கும்போது பலரால் நிற்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தார் போர்வை சுற்றி, தோளில் தாங்கி நடத்திக்கொண்டு போவார்கள்.

தியாரோய் சுர் மேர் என்ற ஊரில் யாயி பயாம் தியூஃப் என்ற தாய் இருக்கிறார். ஒரே மகன், மீனவன். 2006இல் படகேறினான், திரும்பவில்லை. அந்த ஊரில் அந்த ஆண்டு பல வீடுகளில் அதே கதை. அந்த அம்மா தனித்து அழுதுகொண்டிருக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த மற்றத் தாய்மார்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். கூஸ்கூஸ் தயாரித்தார்கள், மீன் பதப்படுத்தி விற்றார்கள், வந்த காசில் இளைஞர்களுக்குத் தொழில் காட்டப் பார்த்தார்கள். மகனை அனுப்பச் சீட்டுப் பணம் எடுத்துக் கொடுக்கும் தாயிடம் இன்னொரு தாய் போய்ப் பேசுவதில் இருக்கும் கனம் எந்த அரசாங்கச் சுவரொட்டியிலும் இல்லை. ஆனாலும் அந்தச் சங்கம் மீனைக் கடலுக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

2006லேயே ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பான ஃப்ரான்டெக்ஸ், ஹேரா என்ற பெயரில் ரோந்து தொடங்கியது. கப்பலும் விமானமும் செனகல், மொரிட்டேனியா கரையோரமே வந்து நின்றன. பிடிபட்டவர்களைத் திருப்பி அனுப்ப உடன்படிக்கைகள் ஆயின. வருகை மளமளவென்று சரிந்தது. 2010இல் மொத்தமே 196 பேர். வழி அடைபட்டது என்று எழுதினார்கள். அந்த ஆண்டுகளில் ஆட்கள் சஹாராவைத் தாண்டி லிபியா வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே கெடுபிடி வந்தது, 2020இல் பெருந்தொற்று வந்து டாக்காரின் தெருவோரப் பிழைப்பைத் துடைத்தெடுத்தது. பழைய வழி மறுபடி திறந்தது. அந்த ஆண்டு 23,000 பேர். 2024இல் 46,843. 2006ஐ எல்லோரும் உச்சம் என்று நினைத்திருந்தார்கள்.

2024இல் ஆட்கள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் எல் ஹியேரோவில். கானரித் தீவுகளில் மேற்கோரத் தீவு. ஜனத்தொகை பதினோராயிரத்துச் சொச்சம். லா ரெஸ்டிங்கா என்ற மீனவக் கிராமத்தின் சின்னத் துறையில் ஒரே நாளில் பல நூறு பேரை இறக்கியிருக்கிறார்கள். ஏன் அவ்வளவு மேற்கே? ரோந்துக்குத் தப்ப, கரையை ஒட்டிப் போகாமல் நடுக்கடலுக்குள் விலகிப் போய்த் திரும்புகிறார்கள். எல் ஹியேரோவைத் தவறவிட்டால் அதற்கு மேற்கே நிலம் இல்லை.

அந்தத் தீவில் நடந்த ஒன்றை மறக்க முடியவில்லை. 2024 செப்டம்பர் 28, நள்ளிரவு தாண்டிய நேரம். 84 பேரோடு வந்த படகு தீவுக்குச் சில மைல் தூரத்தில் உதவி கேட்டது. மீட்புப் படகு போய் அணைத்தது. இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இல்லாதவர்கள், மீட்பவர்களைக் கண்டதும் எழுந்து ஒரே பக்கமாக வந்தார்கள். படகு கவிழ்ந்தது. 27 பேரைத்தான் தூக்க முடிந்தது. ஒன்பது உடல்கள் கிடைத்தன. மற்றவர்கள் கடலோடு. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டரைத் தாண்டி வந்தவர்களுக்குக் கடைசி இரண்டு மீட்டர் அமையவில்லை. தீவின் கல்லறைத் தோட்டங்களில் பெயருக்குப் பதில் எண் எழுதிய மாடங்கள் பெருகிவிட்டன. பக்கத்து மாடங்களில் வெனிசுவேலா போய்த் திரும்பி வந்து முதுமையில் கண்மூடியவர்கள்.

எல் ஹியேரோவையும் தவறவிட்டு, மோட்டாரும் நின்றுபோன படகு என்ன ஆகும்? நீரோட்டம் எடுத்துக்கொள்ளும். எல்விராவைக் கொண்டுபோன அதே நீரோட்டம். பாயில்லாத, சுக்கானில்லாத படகையும் அது தட்டாமல் சுமந்துபோகும், மாதக்கணக்கில். 2021 மே மாதம் கரீபியனில் டொபேகோ தீவு மீனவர்கள் கண்டெடுத்த படகில் 14 உடல்கள் இருந்தன. படகின் அமைப்பும் அதில் இருந்த பதிவு எண்ணும் மொரிட்டேனியாவைக் காட்டின.

அதற்குப் பதினைந்து ஆண்டு முன்பே அப்படி ஒன்று நடந்திருந்தது. 2005 கிறிஸ்துமஸ் அன்று கேப் வெர்டேயிலிருந்து சுமார் ஐம்பது பேரோடு கானரியை நோக்கிக் கிளம்பிய ஒரு படகு, 2006 ஏப்ரல் 29ஆம் தேதி பார்படோஸ் தீவுக்கு அருகில் மிதந்துகொண்டிருந்தது. வெயிலிலும் உப்பிலும் வற்றி உலர்ந்த 11 உடல்கள் உள்ளே கிடந்தன. எல்விரா கரை தொட்ட காரூப்பனோவிலிருந்து அந்த இடம் சில நூறு கிலோமீட்டர். இறந்தவர்களில் ஒருவர் ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்தார். தன் முடிவு இந்தக் கடலில்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செனகலில் இருக்கும் தன் ஊரின் பெயரைக் குறிப்பிட்டு, அங்கிருக்கும் குடும்பத்துக்குக் கொஞ்சம் பணம் அனுப்ப விரும்புவதாக எழுதியிருந்தார். பிறகு மன்னிப்புக் கேட்டு, விடைபெற்றிருந்தார்.

(தொடரும்)